பானை வேர்ப்பது தெரியும், கேள்விதான் புரியவில்லை: எட்டாம் வகுப்பில் ஒரு வருடம்

"மட்பாண்டத்தில் சேமிக்கப்பட்ட நீரின் வெப்பநிலை, சூழலின் வெப்பநிலையைவிடக் குறைவாக இருப்பதற்கான காரணத்தை விளக்குக."

ஆகஸ்டு மாத வகுப்புத் தேர்வுக்கு நானே எழுதிய கேள்வி இது. ஒரு மாணவி அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். தாளைத் திருத்திக் கொடுக்கும்போது அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "பானைத் தண்ணி ஏம்மா சில்லுன்னு இருக்கு?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "பானை வேர்க்கும் டீச்சர். வேர்த்த தண்ணி காத்துல போயிரும், போறப்ப சூட்டையும் சேத்து எடுத்துட்டுப் போயிரும்." ஆவியாதலும் அதற்கான வெப்பமும், இரண்டும் அந்த ஒரு வரியில் இருந்தன. இவ்வளவு தெரிந்தவள் ஏன் எழுதவில்லை? "சூழல்னு இருந்துச்சு டீச்சர், மாசு பத்தின கேள்வின்னு நெனச்சு விட்டுட்டேன்" என்றாள்.

அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பன்னிரண்டு வருடமாக அறிவியல் நடத்துகிறேன். இப்படி வெறுமையாக விட்ட எத்தனை தாள்களில் "பாடம் படிக்கவில்லை" என்று மனதுக்குள் எழுதியிருப்பேன்! பாடம் தெரியாத பிள்ளை வேறு, பாடத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளை வேறு. இரண்டாவது வகைப் பிள்ளையிடம் முதல் வகைக்கான மருந்தை, அதாவது இன்னும் நாலு முறை நடத்துவதை, கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், எட்டாம் வகுப்பில், செப்டம்பரிலிருந்து மார்ச் வரை நாங்கள் நான்கு ஆசிரியர்கள் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அறிவியலுக்கு நான், அப்புறம் கணக்கு சார், சமூக அறிவியல் டீச்சர், தமிழ் ஐயா. கைக்காசு போட்டது ஜெராக்ஸுக்கு மட்டும்தான், மற்ற எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தவை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் 1975-லேயே புல்லக் குழு அறிக்கை, மொழி வளர்ப்பது மொழி ஆசிரியரின் வேலை மட்டும் அல்ல, எல்லாப் பாட ஆசிரியருக்கும் அதில் பங்கு உண்டு என்று சொல்லிவிட்டது. நம் பி.எட். படிப்பிலும் இதற்கென்று ஒரு தாள் இருக்கிறது. தேர்வு எழுதி முடித்தவுடன் அதை மூட்டை கட்டிவிட்டோம், அவ்வளவுதான்.

திரும்பத் தேடியபோது எனக்குப் பெரிய உதவியாக இருந்தவை இரண்டு. ஒன்று, இங்கிலாந்தின் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் வெளியிட்ட, உயர்நிலை வகுப்புகளில் எழுத்தறிவை வளர்ப்பதற்கான வழிகாட்டி. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஏழு பரிந்துரைகள், அதில் முதலாவதே ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய வாசிப்பை அந்தந்தப் பாடத்திலேயே சொல்லிக்கொடுங்கள் என்பதுதான். இரண்டாவது, ஷானஹான் தம்பதியர் 2008-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை. வரலாற்று அறிஞர்கள், வேதியியலாளர்கள், கணித அறிஞர்கள் என மூன்று துறையினரையும் வாசிக்கவைத்து எப்படி வாசிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறார்கள். வரலாற்றுக்காரர் முதலில் யார் எழுதியது என்று பார்க்கிறார். வேதியியலாளரின் கண் எழுத்துக்கும் படத்துக்குமாகப் போய்ப் போய் வருகிறது. கணிதக்காரர் ஒவ்வொரு சின்னச் சொல்லையும் விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். இதைப் படித்ததும் ஸ்டாஃப் ரூமில் கணக்கு சார், "நம்ம பிள்ளைகளுக்கு இதை யாரும் சொன்னதே இல்லையே டீச்சர், எல்லாத்தையும் கதைப் புத்தகம் மாதிரி ஒரே ஓட்டமா வாசிச்சுட்டுப் போறாங்க" என்றார். எங்களுக்கு வேலை அங்கிருந்துதான் தொடங்கியது.

அறிவியலில் நான் செய்த முதல் காரியம் சொதப்பிவிட்டது. ஆர்வத்தில் அறுபது கலைச்சொற்களை எடுத்து, தமிழ் விக்சனரியையும் பாடநூலையும் வைத்துப் பொருள் எழுதி, பெரிய சார்ட்டாகச் சுவரில் ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது, ஒரு பிள்ளையும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு வாரத்துக்கு மூன்றே சொல் என்று வைத்துக்கொண்டேன். ஃப்ரேயர் கட்டம் என்று ஒரு முறை உண்டு, 1969-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவானது, அதற்கான வெற்றுப் படிவம் இணையத்தில் எங்கு தேடினாலும் கிடைக்கும். நடுவில் சொல்லை எழுதி, சுற்றி நான்கு கட்டங்களில் விளக்கம், பண்புகள், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டு ஆகாதது என்று நிரப்ப வேண்டும். இந்த நாலாவது கட்டத்தில்தான் வகுப்பே உயிர் பெற்றது.

"கடத்தி" என்ற சொல்லை எடுத்தோம். பிள்ளைகளுக்குக் கடத்தல் என்றால் மணல் கடத்தலும் ஆள் கடத்தலும்தான். அதையும் ஒதுக்காமல் எழுதச் சொன்னேன், ஏனென்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது என்ற பொருள் இரண்டிலும் இருக்கிறது. எடுத்துக்காட்டில் பித்தளை அண்டா, வெள்ளிக் கும்பா எல்லாம் வந்தன. எடுத்துக்காட்டு ஆகாததில் மரவையும் மரக்கரண்டியும் வந்தன. ஒரு பையன் மங்குத் தட்டை எங்கே எழுதுவது என்று கேட்டான். உள்ளே இரும்பு, மேலே கண்ணாடி மாதிரியான பூச்சு. அரைமணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் "உள்ளே கடத்தி, மேலே அரிதில் கடத்தி, பூச்சு மெல்லிசு, அதனால் சூடு வெளியே வந்துவிடும்" என்று அவர்களே ஒரு வாக்கியம் எழுதினார்கள். எனக்கு அந்த வாக்கியம் போதும்.

ஒரே சொல் பாடத்துக்குப் பாடம் வேறாவதையும் கவனிக்க ஆரம்பித்தோம். "தொகுதி" கணக்கில் பின்னத்தின் மேலே இருப்பது, வேதியியலில் தனிம அட்டவணையின் நெடுவரிசை, குடிமையியலில் எம்.எல்.ஏ. தேர்ந்தெடுக்கும் பகுதி. "அலகு" இன்னும் பெரிய சிக்கல். பாடநூலின் தலைப்பில் அலகு 1 என்று இருக்கும். அளவீட்டில் மீட்டரும் கிலோகிராமும் அலகு. பறவைக்கு மூக்கு அலகு. பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டு குத்துவதும் அலகு. "விசையின் அலகு என்ன" என்று கேட்டால் ஒரு குழந்தை திகைத்து நிற்பதில் என்ன ஆச்சரியம்? வகுப்பின் பின்சுவரில் இப்போது ஒரு தாள் தொங்குகிறது, இப்படி மாறும் சொல் கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் போய் எழுதலாம். அறுபது சொல் சார்ட்டைப் பார்க்காத பிள்ளைகள் இதை மட்டும் தினம் பார்க்கிறார்கள், அவர்கள் எழுதியது என்பதால்.

படத்தோடு சேர்ந்த பாடத்துக்கு "இரண்டு விரல்" என்று ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். இடது கை விரல் வாக்கியத்தில், வலது கை விரல் படத்தில். வாக்கியத்தில் ஒரு பெயர் வந்ததும் நிறுத்தி, படத்தில் அதைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். முதல் வாரம் ஒரு பத்தியை முடிக்கவே கால்மணி நேரம் ஆனது. வேதியியலாளரின் கண் செய்வதை இங்கே விரல் செய்கிறது, அவ்வளவுதான். தீபாவளி முடிந்து வந்தபோது பலருக்கு விரல் தேவைப்படவில்லை.

கணக்குப் பாடத்தில்தான் வெளியிலிருந்து கிடைத்த சரக்கு எங்களைக் கைவிட்டது. சொற்கணக்கை வாசிப்பது பற்றி ஆங்கிலத்தில் இலவசத் தாள்கள் ஏராளம், ஆனால் அவை பேசுவது ஆங்கிலச் சொற்களைப் பற்றி. தமிழில் கணக்கின் உயிர் சொல்லின் வாலில் இருக்கிறது. "12-இலிருந்து 3-ஐக் கழி", "12-ஐ 3-ஆல் வகு", "12-உடன் 3-ஐக் கூட்டு". உருபை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்க்கும் பிள்ளை "12-ஐ 30-இலிருந்து கழிக்க" என்றால் முதலில் வந்ததைத் தூக்கி மேலே போட்டுவிடுகிறது. விலை "20 ரூபாய் குறைந்தது" என்பதும் "20 ரூபாயாகக் குறைந்தது" என்பதும் ஒன்று என்றே வகுப்பில் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள்.

இதைக் கேட்ட தமிழ் ஐயா, "அட, இது என் பாடம்ல" என்றார். வேற்றுமை உருபை அவர் நடத்தும் அதே வாரத்தில் கணக்கு சார் சொற்கணக்கு எடுப்பது என்று முடிவானது. ஐயா கணக்குப் புத்தகத்தையே தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய், ஐ, ஆல், கு, இன் என்று ஒவ்வொன்றையும் கணக்கிலிருந்தே எடுத்துக் காட்டினார். மூன்றாம் வேற்றுமை வகுக்கும், ஐந்தாம் வேற்றுமை நீக்கும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. இந்தத் தாள்களை நாங்களே உருவாக்கினோம், மொத்தம் ஒன்பது. எங்கேயாவது இலவசமாகக் கிடைத்திருந்தால் சந்தோஷமாக எடுத்திருப்போம்.

வட்டிக் கணக்கில் இன்னொன்று வெளிப்பட்டது. 5,000 ரூபாய் அசல், 2% ஆண்டு வட்டி, 2 ஆண்டுகள், தனிவட்டி என்ன? விடை 200. ஒரு பையன் 2,400 என்று எழுதியிருந்தான். தப்பு என்று கோடு போடுமுன் சார் காரணம் கேட்டார். அவன் வீட்டில் "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். 24 மாதத்துக்குச் சரியாகத்தான் போட்டிருந்தான். "ஆண்டு" என்ற ஒரு சொல்லை மட்டும் தாண்டிவிட்டான். பேரேடும் சிட்டையும் எழுதிக் கடல் தாண்டித் தொழில் செய்த ஊர் இது, வட்டி இங்கே தெருவில் புழங்கும் பேச்சு. அந்த அறிவைத் தவறு என்று ஒதுக்காமல், புத்தகம் எந்த வட்டியைச் சொல்கிறது என்று தேடிப் பார்க்கச் சொல்வதுதான் வாசிப்பு.

இனி வரலாறு, என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒரு குழு, வரலாற்று அறிஞரைப் போல வாசிப்பது எப்படி என்று இலவசப் பாடத்திட்டங்கள் வைத்திருக்கிறது. பாடங்கள் பெரும்பாலும் அமெரிக்க வரலாறும் உலக வரலாறும், நமக்கு நேரடியாக உதவாது. ஆனால் அவர்கள் கேட்கும் நான்கு வகைக் கேள்விகள் எங்கேயும் பொருந்தும். யார், எதற்காக எழுதியது? அப்போது சுற்றிலும் என்ன நடந்துகொண்டிருந்தது? வேறு ஆதாரம் ஒத்துப்போகிறதா? இந்தச் சொல் ஏன் இங்கே வருகிறது? சமூக அறிவியல் டீச்சர் இவற்றை மட்டும் தமிழில் எழுதி அட்டையில் ஒட்டிக்கொண்டார்.

ஆதாரத்துக்கு எங்கே போவது? பக்கத்துத் தெருவில் பெரிய வீடு ஒன்றில் ஓர் ஆச்சி தனியாக இருக்கிறார். டீச்சர் போய்க் கேட்டதும், பெட்டகத்திலிருந்து பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துவந்து, "பேரெல்லாம் மறைச்சுக்கங்க, மத்தபடி பிள்ளைக படிக்கட்டும்" என்றார். ஒரே ஒரு பக்கத்தைப் போனில் படம் எடுத்து, பெயர்களை மறைத்து, பெரிதாக்கி அச்சிட்டோம்.

பக்கத்தின் மேலே "பிரபவ வருஷம் ஐப்பசி மாதம்" என்று இருந்தது. தொகைகள் தமிழ் எண்களில். தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழ் எண்கள் பற்றிய பக்கத்தை அச்சிட்டுக் கொடுத்தோம். ௨௱௫௰ என்பதை ஒரு குழு "இரண்டு நூறு, ஐந்து பத்து, அப்ப 250!" என்று உடைத்தபோது மேசையைத் தட்டிக் கத்தினார்கள். அப்புறம் எந்த ஆண்டு என்ற கேள்வி. பிரபவ அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும், 1867, 1927, 1987 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ரங்கூனுக்குப் பணம் அனுப்பிய வரி ஒன்று இருந்ததால் 1987 இல்லை என்றார்கள், இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் பர்மாவிலிருந்து நம்மவர்கள் நடந்தே திரும்பியதை டீச்சர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மிச்சம் இரண்டு. வகுப்பு சிக்கி நின்றது. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி, கீழிருந்து மூன்றாவது வரியில் விரலை வைத்து "மோட்டார் வாடகை" என்று வாசித்தாள். 1867-இல் மோட்டார் ஏது? கார் வந்ததே 1880-களில்தான். 1927!

கூர்ந்து வாசிப்பது என்று வழிகாட்டிகளில் எத்தனை பக்கம் படித்திருந்தாலும், அந்த விரல் அந்த வரியில் நின்ற கணத்தில்தான் எங்களுக்கே அது என்னவென்று புரிந்தது. பக்கத்திலே கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார், தூக்கி எறியப்படவிருந்த நோட்டீஸ் முதற்கொண்டு சேர்த்துவைத்த கதையை அன்று டீச்சர் சொன்னார். அவர் சேகரிப்பை அடிப்படையாக வைத்துத்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் வந்தது. இந்த மண்ணில் காகிதத்தை மதித்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

என்னென்ன இலவசச் சரக்கு, எது எதற்கு உதவியது என்று கேட்பவர்களுக்காக, என் அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளம்தான் முதல் இடம். தமிழில் நிறையக் கதைகள், வாசிப்பு நிலை நான்காகப் பிரித்திருக்கிறது, அறிவியலும் கணக்கும் கதையாக வருகின்றன. முக்கியமான விஷயம், உரிமம் திறந்தது. இறக்கலாம், அச்சிடலாம், பெயர் குறிப்பிட்டுவிட்டு மாற்றியும் எழுதலாம். நெட் நின்றுபோகும் பள்ளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பெரியசாமித் தூரன் தொகுத்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும் கிடைக்கிறது. தெளிந்த நீர் மாதிரித் தமிழ், இன்றைய பாடநூல் எழுதுபவர்கள்கூட ஒருமுறை வாசிக்கலாம். ஆனால் 1968-இல் வரத் தொடங்கி 1970-களில் முடிந்தது, அறிவியல் செய்தி பழசு. அந்தக் காலத்தில் கோள்கள் ஒன்பது, 2006-இல் புளூட்டோ போய் எட்டு ஆகிவிட்டது. அதனால் எழுதிய ஆண்டைப் பார்த்துவிட்டு வாசிப்பது என்ற பழக்கம் அறிவியலுக்கும் வந்தது, வரலாற்று டீச்சருக்கு நன்றி.

விக்கிப்பீடியா கட்டுரைகள் எட்டாம் வகுப்புக்கு அப்படியே ஆகாது, வாக்கியம் நீளம். நான் வெட்டிச் சுருக்கி, இரண்டு வாக்கியத்தை நான்காக்கிக் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை நேரம் போகும், அதற்குத் தயாராக இருங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனைச் செயல்களில், அதாவது கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளில், பல தமிழிலும் உண்டு, இறக்கிவைத்து நெட் இல்லாமலே ஓட்டலாம். அரசின் கற்றல் தளமான தீக்‌ஷாவில், பாடநூலின் கியூஆர் குறியீட்டைத் தட்டினால் வரும் காணொளிகள் நன்றாகவே இருக்கின்றன. என் தவறு, அவற்றை முதலில் போட்டுக்காட்டியது. காணொளி பார்த்துவிட்டால் பிள்ளைகள் பத்தியை வாசிப்பதில்லை. இப்போது வாசித்து, ஊகித்து, எழுதியபின்தான் காணொளி.

ஒரு செயலியில் சூடுபட்டோம், அதையும் சொல்ல வேண்டும். இலவசம் என்று போட்டிருந்தது. பெற்றோரின் போன் நம்பர் கேட்டது, கொடுத்தோம். பத்தாம் நாளிலிருந்து பணம் கட்டச் சொல்லிப் பெற்றோருக்கு அழைப்பு மேல் அழைப்பு. கூலி வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் சொல்லித்தான் கட்டச் சொல்கிறார்களோ என்று பயந்துவிட்டார்கள். நான் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு பதிவு கேட்கும் எதையும் பிள்ளைகள் பக்கம் கொண்டுபோவதில்லை. ஆசிரியர் பெயரில் இறக்குவது, காகிதமாகக் கொடுப்பது.

எல்லாருக்கும் பலன் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பையன்களுக்கு எழுத்துக்கூட்டுவதே திணறல். அவர்களிடம் இரண்டு விரலும் நான்கு கட்டமும் கொடுத்தது என் பிழை. முதல் நிலைக் கதைகளைக் கொடுத்தால் பொம்மைப் புத்தகம் என்று கூச்சப்பட்டு மூடி வைத்துவிட்டார்கள். தமிழ் ஐயாதான் வழி கண்டுபிடித்தார். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு வாரம் ஒரு கதை வாசித்துக் காட்டுவது இவர்கள் பொறுப்பு என்றார். சின்னப் பிள்ளைகள் முன்னால் திணறக் கூடாதே என்று ஒருவன் வீட்டில் அப்பத்தாவிடம் பத்துத் தடவை வாசித்துப் பழகிவிட்டு வருகிறான். இன்னொருவன் பொங்கலுக்குப் பிறகு பள்ளிக்கே ஒழுங்காக வருவதில்லை. அவன் விஷயத்தில் நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறோம், விடவில்லை.

பானை மாணவிக்கு வருகிறேன். அவளுடைய அப்பா, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறையில் வேலை பார்க்கிறார். பிப்ரவரியில் "ஒரு செயல்முறையை வரிசையாக எழுதுக" என்ற பயிற்சிக்கு அவள் அதை எடுத்துக்கொண்டாள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சாந்தை ஊற்றுவது, அச்சைத் தூக்கிவிட்டு மணலும் சிமெண்டும் கலந்த தூளைத் தூவுவது, மேலே ஈரக் கலவை வைத்து மட்டம் தட்டுவது, மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவது. முதல் வரைவில் "கல் காய்ந்து கெட்டியாகும்" என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் நான் ஒரே கேள்விதான் எழுதினேன். காய்ந்துதான் கெட்டியாகும் என்றால் தண்ணீரில் ஏன் போடுகிறார்கள்? இரண்டு நாள் கழித்து வந்தாள். அப்பாவிடம் கேட்டு, பாடநூலில் சிமெண்ட் பற்றித் தேடி, என்னிடமும் கேட்டு, திருத்தி எழுதியிருந்தாள்: "சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. நீருடன் வினைபுரிவதால் இறுகுகிறது. எனவே கல்லைச் சுடாமல் நீரில் ஊறவைக்கிறார்கள்." ஆகஸ்டில் "சூழல்" என்ற சொல்லில் தடுக்கி நின்ற பிள்ளையின் "எனவே" இது.

மார்ச்சில் ஹைடெக் லேபில் உட்கார்ந்து, விக்கிப்பீடியாவில் ஆத்தங்குடிக் கல் பற்றி இருப்பதை வாசித்தோம். நீரில் ஊறவைப்பதற்கான காரணத்தைச் சேர்க்கலாம் என்றாள். சேர்க்கலாம், ஆனால் மேற்கோள் காட்ட, ஏற்கெனவே வெளியான நம்பகமான ஓர் ஆதாரம் வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "எங்கப்பா இருவது வருஷமா போடுறாரு டீச்சர், அவரு சொன்னா ஆதாரம் ஆகாதா?" என்று கேட்டாள். என்னிடம் சட்டென்று பதில் இல்லை. சமூக அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். ஜூனில் ஒன்பதாம் வகுப்பின் முதல் வரலாற்றுப் பாடத்தை இந்தக் கேள்வியில் இருந்து தொடங்குவதாக இருக்கிறார்.